சின்ன மாப்பிள்ளையின் கண்ணாடி

உங்கள் மூக்குக் கண்ணாடியின் இடது காதுக்கம்பி தளர்ந்திருக்கிறது, ஐயா. நான் ஸ்டேஷனுக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஆறு முறை அதை மேலே தள்ளிவிட்டீர்கள். சின்னத் திருகுதான், அரை நிமிட வேலை. என் கடைக்கு வந்திருந்தால் நிற்கவைத்தே முடுக்கிக் கொடுத்திருப்பேன். கடையை இனி யார் திறப்பார்கள் என்று தெரியவில்லை, அதனால் வேறு எங்காவது காட்டிக்கொள்ளுங்கள்.

எழுதிக் கொடு என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். மிரட்டவில்லை, தேநீர்கூட வாங்கிக் கொடுத்தீர்கள். தானாக வந்து உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது என்று உங்களுக்குக் குழப்பம், முகத்திலேயே தெரிகிறது. ‘கால் தவறி விழுந்து மரணம்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டு மூடிய கோப்பு. ஆறிப்போனதை மறுபடி சூடாக்கச் சொன்னால் யாருக்கும் சலிப்பு வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக எழுதுகிறேன்.

இறந்தவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, பிரேமில் பொருத்துவது எல்லாம் இருபத்து மூன்று வருடமாக என் கைதான். அவன் உயரமான கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவன். “பெரிய மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல வேலை, சின்ன மாப்பிள்ளைக்கு மூணாவது மாடிக்கு மேல வேலை” என்று எங்கள் மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முதல் முறை நானும் சிரித்தேன்.

காரணம் என்ன என்று கேட்டீர்கள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் துப்பறியும் கதைகள் படிப்பேன். அதில் வரும் பொறாமைக்காரனை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பல்லைக் கடிப்பான், தூக்கம் வராமல் புரளுவான், அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். நான் படுத்தால் தூங்கிவிடுகிற ஆள். அவனிடம் இருந்த எதன்மேலும் எனக்கு ஆசை கிடையாது. வாடகை வீடு, உதைத்தால்தான் கிளம்பும் ஸ்கூட்டர், இரண்டு கையிலும் கண்ணாடி கிழித்த தழும்பு. அதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு உரியது எனக்கு வரவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒன்றிரண்டு உதாரணம் சொன்னால் உங்களுக்கே புரியும். மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். பதினொரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தேன். மருந்துச் சீட்டோடு மாடி ஏறி இறங்கியதும் நான், அவர் மலம் அள்ளிக் கொட்டியதும் நான். பன்னிரண்டாம் நாள் அவன் வந்தான். ஒரு நர்ஸ் ஊசியைப் பிடித்துக்கொண்டு நடந்துவருவதைப் பத்து நிமிடம் நடித்துக் காட்டினான். வார்டே சிரித்தது. அந்த நர்ஸும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்களிடம் மாமனார் சொன்னது இதுதான்: “சின்ன மாப்பிள்ளை முகத்தப் பாத்த பிறகுதான் எனக்குப் போன உயிரே திரும்பி வந்துச்சு.” அப்போது நான் அவர் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும், “பெரிய மாப்பிள்ளையும் இருந்தாரு” என்றார், மின்விசிறியும் இருந்தது என்பதுபோல.

இதைக்கூட விட்டுவிடலாம். வயதானவர், வாய்க்கு வந்ததைச் சொல்வார். என் மனைவியின் சிரிப்பைத்தான் என்னால் விடமுடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவள் சிரித்தால் வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், விருந்துக்குப் போன வீட்டில் சிரிப்பதுபோலச் சிரிப்பாள். அவள் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். படியேறும்போதே உள்ளே யாரோ ஒரு பெண் சிரிப்பது கேட்டது. மூச்சு முட்டி, மூக்கால் உறுமி, தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அடுத்த வீட்டு அம்மாள் வந்திருக்கிறாள் போலிருக்கிறது என்று கதவைத் திறந்தேன். என் மனைவி கரண்டியும் கையுமாகச் சுவரில் சாய்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். நடுவில் அவன், கையில் தண்ணீர் டம்ளரோடு.

என்னைப் பார்த்ததும் வகுப்புக்குள் வாத்தியார் வந்துவிட்டதுபோல மூவரும் அடங்கிப்போனார்கள்.

“என்ன விஷயம்?” என்றேன்.

“ஒண்ணுமில்லைங்க, சும்மா. தம்பி ஏதோ சொன்னாரு” என்றாள்.

“அண்ணனுக்கும் சொல்றேன், இருங்க” என்று அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். ஒரு வீட்டில் கண்ணாடி மாட்டப் போனபோது அந்த வீட்டுக்காரர் இவனைத் திருடன் என்று நினைத்துக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிய கதை. நான் கேட்டேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று பிடிபடவில்லை. பதினாறு வருடமாக அந்தச் சிரிப்பு என் வீட்டிலேயே இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் காட்டாமல். வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கட்டிய மனைவியின் சிரிப்பு அடுத்தவனுக்குப் போனால் எரியாதா? அதற்குப் பொறாமை என்றா பெயர்?

இது நடந்து இரண்டு மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். அளவுநாடாவில் கோடுகள் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றான். நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தேன். சிலருக்குக் கண்ணின் வளைவு ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, லென்ஸை அவரவர் கண்ணுக்கு ஏற்ற கோணத்தில் திருப்பிப் பொருத்தவேண்டும். கோணம் மாறினால் எழுத்தெல்லாம் ஓரளவு தெரியும், ஆனால் தரை சாயும், படி எங்கே முடிகிறது என்பது பிடிபடாது. அவனுக்கு அந்த வகைக் கண், இரண்டுமே.

“அண்ணே, என் கண்ணு உங்க கையில. நல்லதாப் பாத்துப் போட்டு விடுங்க” என்றான்.

சரியான கோணத்தைக் கண்டுபிடித்துச் சீட்டில் எழுதினேன். தேய்க்கும்போது வலது கண்ணுக்கு இருபது டிகிரி இந்தப் பக்கம், இடது கண்ணுக்கு இருபது டிகிரி அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். கைத்தவறு என்றால் ஒரு கண்ணில் நடக்கும், இரண்டிலும் எதிரெதிராக நடக்காது. இருப்பதிலேயே நல்ல லென்ஸ் போட்டேன். காதுக்குப் பின்னால் அழுத்தாமல் பிரேமை வளைத்து, நானே மாட்டிவிட்டேன். எழுந்து இரண்டு அடி நடந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“தரை ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்குண்ணே.”

“புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். விடாம போடு, பழகிடும்.”

எல்லாரிடமும் நான் சொல்கிற வார்த்தைதான் அது. யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை, அவனும் படவில்லை.

முதல் வாரம் தலைவலி என்று போன் செய்தான். பழகிடும் என்றேன். இரண்டாம் வாரமும் செய்தான். மூன்றாம் வாரத்திலிருந்து புகாரே இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியோடுதான் வந்தான். “அண்ணன் போட்டுக் குடுத்தது, எப்படி இருக்கு?” என்று மாமனாரிடம் மூக்கைத் தூக்கிக் காட்டினான். வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தான். ஐந்தாவது மாடி, ஒன்பதாவது மாடி. எட்டு மாதம் ஒரு கீறல்கூட விழவில்லை. கோணல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவன் எப்படி ஒன்பதாவது மாடியில் நடக்கிறான் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அவனுக்கு எதிராக நான் தேய்த்த லென்ஸையும் அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

அதனால்தான் வீட்டு ஜன்னலை உடைத்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஹால் ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது சுத்தியலின் பின்பக்கத்தால் நான் கொடுத்த ஒரே தட்டு. அவனைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவது என்று மனைவியே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். அவளும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

அந்தக் கண்ணாடியை வெளியே, ஜன்னலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் நின்றுதான் பொருத்தமுடியும். ஒன்றரை அடி அகலம். இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

“பரவால்லண்ணே, நம்ம வீடுதானே. ரெண்டு நிமிஷ வேலை” என்றான்.

“பாத்து” என்றேன்.

நான் உள்ளேயிருந்து கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் ஓரத்துச் சட்டத்தை அழுத்திக்கொண்டே வந்தான். மூலைக்கு வருவதற்காக ஒரு அடி நகரவேண்டும். குனிந்து பார்த்தான், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தான், பிறகு காலைத் தூக்கினான். அவன் வைக்கப்போகும் இடத்தில் சிமெண்ட் இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் கண்ணில் எந்தக் குறையும் இல்லை, ஐயா. இரண்டு நொடியாவது இருந்திருக்கும். தம்பி என்று கூப்பிட அது தாராளம். நான் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை.

அழுதேன், எல்லாரும் பார்த்தார்கள். கொழுந்தியாளை எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டோம். சாவு வீட்டு வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது, ஒரு குறை இல்லாமல் செய்தேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனி எனக்கு நீங்கதான் மாப்பிள்ளை” என்றார். பரவாயில்லை, நேரமானாலும் எனக்கு உரியது வந்துசேர்கிறது என்று நினைத்தேன். நீங்கள் கோப்பை மூடினீர்கள். அதோடு முடிந்திருக்கவேண்டும்.

நேற்று சாயங்காலம் அக்காளும் தங்கையும் உள் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் இருந்தேன். கொழுந்தியாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அக்கா, மாமா போட்டுக் குடுத்த கண்ணாடி அவருக்குச் சேரவே இல்ல. முதல் மாசமே வேற கடையில காட்டினாரு. கோணம் தப்பா இருக்கு, இதப் போட்டுக்கிட்டு உயரத்துல ஏறாதீங்கன்னு சொன்னாங்க. அதே மாதிரி பிரேம் தேடி வேற ஒண்ணு செஞ்சு வாங்கிட்டாரு. வேலைக்கு அதத்தான் போட்டுட்டுப் போவாரு. ‘அண்ணன் கை எங்கயோ தவறிடுச்சு, தெரிஞ்சா மனுஷன் நொந்துபோயிடுவாரு, நீ மூச்சு விடக் கூடாது’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. இங்க வரும்போது மட்டும் மாமா குடுத்ததப் போட்டுக்குவாரு. அன்னிக்கும் இங்க வர்றோம்னு அதையே மாட்டிட்டு வந்துட்டாருக்கா.”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு என் மனைவி வெளியே வந்தாள். நான் கேட்டுவிட்டேன் என்பது என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தாள்.

“மனசுல வச்சுக்காதீங்க. உங்க மேல தப்பில்ல. கை தவறுறது யாருக்கும் நடக்கிறதுதான். அவரு எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்க, உங்க மனசு நோகக் கூடாதுன்னு உயிரையே விட்டுட்டாரே.”

அவள் அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி எனக்காக ஒரு நாளும் இருந்ததில்லை. இன்று காலை மாமனார் அந்தக் கதையைப் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, “பாவம், அவர் என்ன பண்ணுவாரு” என்றாள். அதைக் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

அன்று நீங்கள் எங்களிடம் திருப்பிக் கொடுத்த அவன் கண்ணாடியைக் கையோடு எடுத்துவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். பிரேம் நெளிந்திருக்கிறது, லென்ஸ் பிளாஸ்டிக் என்பதால் உடையவில்லை. எந்தக் கடையிலும் கொடுத்து, கோணம் பார்க்கும் மெஷினில் வைத்து, என் கடைச் சீட்டில் இருக்கும் சரியான கோணத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வலதில் இருபது, இடதில் இருபது, அரை டிகிரிகூட முன்னே பின்னே இருக்காது. இந்த ஊரில் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யக்கூடிய கை வேறு கிடையாது.

அதனால் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் கை தவறவில்லை. என் மனம் நோகக் கூடாதென்று அவன் சாகவில்லை, நான் கொன்றதால் செத்தான். மாமனார், மனைவி, மகள் எல்லாரையும் அவன் எடுத்துக்கொண்டான். இந்த ஒரு காரியம் நான் செய்தது, இதையும் அவன் பெருமையில் சேர்த்துவிடாதீர்கள்.