லவெண்டர் வாசனைத் தண்ணீர்

எனக்கு யாரும் முகம் சுளித்தால் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. கச்சேரி ரோட்டு டிஸ்பென்சரியில் பதினெட்டு வருஷமாகக் கம்பவுண்டர். விக்டர் கலக்கும் மிக்ஸ்சர் கசக்காது என்று மயிலாப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அத்தர் கடை ஹனீஃபா பாய்க்கு ரத்தப் புற்று. மண்ணீரல் வீங்கியிருந்தது. இந்த வருஷம், நாற்பத்தொன்று பிப்ரவரியில், டாக்டர் பாஷாணச் சொட்டு மருந்து எழுதினார். நல்ல மருந்துதான். ஆறே வாரத்தில் வீக்கம் வடிந்து பாய் கடைக்குப் போனார். அக்டோபரில் மகள் கைசர் ஜஹானின் நிக்காஹ். அதை அவர் கண்ணால் பார்த்துவிடலாம் என்று டாக்டரே சொன்னார்.

அந்த மருந்துக்குப் பத்தியம் உண்டு. சாப்பிட்ட பிறகு, தண்ணீரில் விட்டுத்தான் குடிக்க வேண்டும். சிறு அளவில் தொடங்கி வாராவாரம் சொட்டை ஏற்ற வேண்டும். வயிறு கலங்கினாலோ இமை உப்பினாலோ நிறுத்திவிட்டு, மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டும். உள்ளங்கை தடிக்கும், தோல் கறுக்கும், விரல் மரத்துப்போகும்.

பாய் ஒரு நாள் கையை நீட்டினார். "இன்னா விக்டரு, அத்தர் தடவுற கை இது. இப்போ ஆமை ஓடு மாதிரி கீது. சோறும் எறங்க மாட்டேங்குது. இன்னாத்த கலக்கிக் குடுக்குற நீ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. மறுவாரம் அவர் புட்டியில் தண்ணீரும் சிவப்புச் சாயமும் லவெண்டர் வாசனையும் மட்டும் ஊற்றினேன். அசல் மருந்துக்கும் அதே நிறம், அதே வாசனை.

மனுஷர் பூத்துவிட்டார், ஐயா. பசி எடுத்தது, கை மிருதுவானது. அவர் மனைவி ஜமீலுன்னிசா எனக்குப் பிரியாணி அனுப்பினார். பாய்க்கு வயிறு மறுபடி உப்பியபோது, பிரியாணித் தொந்தி என்று நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வீக்கம் ஏறுகிறது, மருந்தோ ஒரு தொந்தரவும் தரவில்லை என்று சீட்டில் சொட்டுகளை ஏற்றிக்கொண்டே போனார். வெறும் தண்ணீர்தானே, எவ்வளவு ஏற்றினால் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனேன். பாய்க்காகத்தான், அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் இடத்தில் தனபாலன் உட்கார்ந்தார். ஒழுங்கான ஆள். சீட்டைப் பார்த்தார், ஜாடியைத் திறந்தார், அசல் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். சீட்டில் எழுதியிருந்தபடியே பாய் அத்தனை சொட்டும் குடித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். "நீங்க ஊர்ல இருந்திருந்தா இவுங்க போயிருக்க மாட்டாங்க, அண்ணே" என்று ஜமீலுன்னிசா அழுதார். அது உண்மைதான்.

தனபாலனை அடைத்து வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், அனுபவம் போதாது, அவ்வளவுதான். நான் கொடுத்தவரை பாய்க்கு ஒரு வாந்திகூட வந்ததில்லை என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னையும் நாளைக் காலை ஒன்பது மணிக்குள் அனுப்பிவிட்டால் உபகாரமாக இருக்கும். அதே சொட்டு மருந்துக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள். வேறு யாராவது புட்டியை நிரப்பிவிட்டால், அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?