கதையில் வரும் அண்ணா

அபயாம்பாள்: இவளை நேக்கு நம்ப முடியலை அண்ணா.

வெங்கிடேஸ்வரன்: எவளை?

அபயாம்பாள்: உன் கதையில வர்றவளை. ஆத்துக்காரன் விட்டுட்டுப் போய் மூணு வருஷமாச்சு, தினம் அவனுக்கும் சேர்த்து இலை போடறாளாம். எந்தப் பொம்மனாட்டி போடுவா?

வெங்கிடேஸ்வரன்: அது மனசோட வேலை. போனதை ஒத்துக்க மாட்டேங்கறது. லைப்ரரிலேர்ந்து கொண்டு வந்தேனே, அந்த மனோதத்துவப் புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.

அபயாம்பாள்: நான் போட்டேனோ?

வெங்கிடேஸ்வரன்: உன்னை வெச்சு எழுதினேன்னு யார் சொன்னா...

அபயாம்பாள்: பேரை மாத்தினாப் போறுமா? அவளுக்கும் படுத்த படுக்கையா ஒரு அம்மா. அவளுக்கும் ஒரு அண்ணா. அண்ணாவோட சண்டை போட்டுண்டு படியிறங்கிப் போன ஆத்துக்காரன். கல்பாத்தி அக்ரஹாரம் முழுக்கச் சிரிக்கும்.

வெங்கிடேஸ்வரன்: சிரிக்க மாட்டா, அழுவா. நாளைக்குப் பத்திரிகைக்குத் தபால்ல சேர்க்கணும், சீக்கிரம் படி. குருவாயூர் போயிட்டு வந்ததுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் கடிக்கறாய். பிரசாதம் கூடக் கொண்டு வரலை.

அபயாம்பாள்: செரி, அவளை விடு. அந்த அண்ணாவைத்தான் நம்பவே முடியலை.

வெங்கிடேஸ்வரன்: அவனுக்கு என்ன குறை? தங்கமான மனுஷன்.

அபயாம்பாள்: அதான் குறை. ஒவ்வொருத்தருக்கும் என்ன வேணும், அதை எதுக்கு மறைக்கறான்னு தெரிஞ்சாத்தான் பாத்திரத்துக்கு உயிர் வரும்னு சாப்பிடறச்சே சொன்னாயே... இவனுக்கு என்ன வேணும்?

வெங்கிடேஸ்வரன்: ஒண்ணும் வேண்டாம். தங்கை சுகமா இருக்கணும், அம்புட்டுதான்.

அபயாம்பாள்: அப்போ எதுக்குத் தினம் தெருக்கோடிக்குப் போய்த் தபால்காரனைப் பார்க்கறான்?

வெங்கிடேஸ்வரன்: அது... அதை அடிச்சுட்டேனே.

அபயாம்பாள்: ஒத்தைக் கோடு. நன்னாப் படிக்க முடியறது.

வெங்கிடேஸ்வரன்: வெறுதே எழுதினது. கை போன போக்குல...

அபயாம்பாள்: கைக்குத் தெரிஞ்சிருக்கு, நோக்குத்தான் தெரியலை.

வெங்கிடேஸ்வரன்: என்ன பேச்சு பேசறாய்?

அபயாம்பாள்: அந்தப் புஸ்தகத்துக்குள்ள ஒரு இன்லண்ட் கடுதாசி இருந்தது. குமுளி முத்திரை, எழுபத்தி மூணாம் வருஷம். மேல என் பேர். கதை எழுதறதுக்காக வெளியில எடுத்தாயாக்கும்.

வெங்கிடேஸ்வரன்: அதை இங்க கொடு.

அபயாம்பாள்: 'ஏலக்காய்க் கடையில வேலை கிடைச்சுது. வீடும் பார்த்தாச்சு. விஷுவுக்குள்ள வந்துடு. வரலைன்னா, நான் வேண்டாம்னு எடுத்துக்கறேன்.' நோக்கு மனப்பாடமா இருக்குமே.

வெங்கிடேஸ்வரன்: அபயம்... அப்போ அம்மா படுத்து நாலு நாள். உன் மன்னி கிட்டவே போக மாட்டேன்னுட்டா. ஆபீஸ்ல எத்தனை நாள் லீவு கொடுப்பா? நீயும் போயிட்டா யார் பார்க்கறது? கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கொடுக்கலாம்னு...

அபயாம்பாள்: தேறலை.

வெங்கிடேஸ்வரன்: தேறலை.

அபயாம்பாள்: இதைத்தான் கேட்டேன். இப்போ நம்பறேன் உன் அண்ணாவை. இதை எழுது.

வெங்கிடேஸ்வரன்: எழுதலை. கதையே வேண்டாம், கிழிச்சுப் போடறேன். நாளைக்கே குமுளிக்கு நான் உன்னைக் கொண்டு விடறேன். தப்பு என்மேலதான்னு மாப்பிள்ளை கிட்ட நானே சொல்றேன். அவருக்குப் புரியும்... பெட்டியை எடுத்து வை.

அபயாம்பாள்: நான் குருவாயூர் போகலை அண்ணா. கடுதாசியில இருந்த விலாசத்தை விசாரிச்சுண்டு குமுளிக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவ இடுப்புல ஒரு வயசுக் குழந்தை, அப்படியே அவர் மூக்கு. யாருன்னு கேட்டா. தாகத்துக்குத் தண்ணி வேணும்னேன். கொடுத்தா, குடிச்சேன், அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பி வந்துட்டேன். வேற எங்க போறது... எழுந்திரு. அம்மாவைத் திருப்பிப் போடற நேரமாச்சு. இன்னிக்கு நீயும் வந்து ஒரு கை பிடி.