சிவப்புப் பல்பு

வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள், ஐயா. பாவம், அது என்ன செய்யும்? இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு. இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்ட் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு அங்கே. பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்வேன். மாப்பிள்ளைக்கு மட்டும் சொன்னதில்லை.

தாயில்லாமல் நான் வளர்த்த ஒரே மகள். கல்யாணத்துக்குப் பிறகு எப்போதாவது வருவாள். வந்ததுமே கிளம்புகிற பேச்சு. ஒருமுறை பெல்ட் அறுந்து வண்டி ஊர் எல்லையிலேயே நின்றது. இழுத்து வந்து, "பார்ட்ஸ் வர நாளாகும்" என்றேன். அந்த நாட்களில்தான் வீடு வீடாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கோளாறு வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன். மாப்பிள்ளை சிரிப்பார்: "மாமனாரே மெக்கானிக்கா அமைஞ்சது என் அதிர்ஷ்டம், மாமா."

இந்த முறை விடைபெற வந்தார்கள். அவருக்கு வெளிநாட்டில் வேலை; சாப்பிட்டுவிட்டு இங்கிருந்தே இருவரும் விமான நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. "தினமும் போன் பண்றேன்பா" என்றாள். வெறும் குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவர்கள் சாப்பிடும்போது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த சின்னப் பல்பைக் கழற்றினேன். சார்ஜ் ஏறாவிட்டால் சிவப்பாக எரியுமே, அதுதான். அந்தப் பழைய வண்டியில் அந்தப் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பும். பல்பு இல்லையென்றால் சார்ஜும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பேட்டரியோ ஏற்கெனவே நோஞ்சான். வழியில் நிற்கும், விமானம் போய்விடும், மகள் இருப்பாள்.

வானம் கறுத்திருந்தது. "ஹெட்லைட்ட போட்டுக்கிட்டே போங்க, மாப்ள" என்று சொல்லியனுப்பினேன். லைட் எரிந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

பாலத்தின் நடுவில் விளக்கெல்லாம் அணைந்து வண்டி நின்றது. கொட்டுகிற மழை. மகள் போன் செய்தாள்.

"அப்பா, திரும்ப நின்னுடுச்சுப்பா. அவர் எறங்கி பானெட்ட தொறந்து பாக்கறார். நானும் எறங்கட்டுமா?"

"நனையாதம்மா. உள்ளயே இரு. இதோ வந்துட்டேன்."

சந்தோஷமாகத்தான் கிளம்பினேன், ஐயா. நான் போய்ச் சேருவதற்குள் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. மாப்பிள்ளையைச் சாலையோரம் தூக்கி எறிந்திருந்தது. அவர் பிழைத்தார். என் குழந்தை உள்ளே இருந்தாள்.

அடக்கத்தன்று அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். "பேட்டரிய நான் பாத்திருக்கணும், மாமா." "ஆமா, பாத்திருக்கணும்" என்றேன்.

அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தனியாக விமானம் ஏறிப் போய்விட்டார். என் மகள் போகவில்லை. இங்கே என்னோடுதான் இருக்கிறாள்.