செல்வி தேடும் படகு

வெள்ளிக்கிழமை அம்மனைத் தரிசித்துவிட்டுத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள். சின்னவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“செல்வி கதையைத் தேடலக்கா. அவ அப்பாவைத் தேடுறா.”

“என்ன சொல்ற நீ?”

“செவன்த்துக்கு நாவல் நடத்துறேன்ல? அதுல ஒரு மீனவர் கடல்ல காணாமப் போறார். படகு எங்க ஒதுங்கியிருக்கும்னு நெட்ல தேடுங்கன்னு கம்ப்யூட்டர் ரூம்ல உட்கார வச்சேன். மத்ததுங்க மீன் படமா பிரிண்ட் எடுத்துச்சுங்க. இவ மட்டும் காத்து, நீரோட்டம்னு நோட்டு முழுக்க எழுதுறா. ‘ஐப்பசியில படகு எந்தப் பக்கம் போகும் மிஸ்?’னு கேட்டா. கதையில சித்திரைதானேடின்னேன். ‘எங்கப்பா போனது ஐப்பசி மிஸ்’னா.”

“அடக் கடவுளே! முன்னாடியே விசாரிக்க மாட்டியா?”

“புதுசா சேர்ந்த பொண்ணுக்கா. சேலையூர்ல சித்தி வீட்ல இருக்கா. திங்கக்கிழமை கடைசி அத்தியாயம். அதுல அவர் திரும்பி வரவே மாட்டார்.”

“வந்துட்டார்னு மாத்திச் சொல்லிடு. பாவமில்ல.”

“நேத்தே லைப்ரரில எடுத்துப் படிச்சு முடிச்சுட்டாக்கா. அவ எதிர்ல நான்தான் அழுதுட்டேன். ‘அழாதீங்க மிஸ், அந்தக் கதையில யாருமே தேடல, அதான் வரல’ங்கிறா.”

கேம்ப் ரோட்டில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

அன்று மாலை சாமி விளக்கில், செல்வியின் அப்பா கரை சேர வேண்டுமென்று ஒரு திரி கூடுதலாகப் போட்டேன்.