மஞ்சள் மாத்திரை

ஹலோ... ஆங், அக்காதான் பேசுறேன். ஆமா, தனியாத்தான் இருக்கேன். உன் பொண்டாட்டிதான் காலையிலயே தோள்ல பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாளே... எங்கன்னு என்கிட்ட சொல்லிட்டா போவா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும் அம்மணிக்கு.

இரு, இரு. நீ எதுக்குக் கூப்பிட்டங்கறத அப்புறம் சொல்லு. அவ இல்லாத நேரமாப் பார்த்து உன்கிட்ட பேசணும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன்... என்ன பெரிய அவசரம், மூக்குக்கண்ணாடிக் கடையில? பிரேம் மாத்த வந்தவங்க கொஞ்ச நேரம் உக்காரட்டும். நீ வெளிய வா... வந்துட்டியா?

உன் பொண்டாட்டி மாத்திரை சாப்பிடுறா... தெரியுமா? என்ன மாத்திரைன்னு தெரியுமா?... நீ சொல்லாத, நான் சொல்றேன். அட்டையக் கொண்டுபோய் மெடிக்கல் ஷாப்ல காட்டினேன். அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'குழந்தை வேண்டாம்னா போடுறதும்மா, உங்களுக்கா?'ன்னு கேக்குறான். என் வயசுக்கு!

எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு இங்க வந்து தங்கினது நல்லதாப் போச்சு. இல்லன்னா இந்தக் கூத்து வெளிய வந்திருக்குமா?... நான் ஒண்ணும் நோண்டல. சீப்பு தேடினேன், பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு. நாலு பேருக்கு முன்னாடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, 'இன்னும் ஒண்ணும் இல்லைங்க'ன்னு என்ன நடிப்பு! நீயும் தலையாட்டிக்கிட்டு... விடுவேனா நான்? அதுக்கு வேண்டியதப் பண்ணிட்டேன்... என்னன்னு அப்புறம் சொல்றேன்.

என்னது? டாக்டரே குடுத்தாங்களா? அய்ய! நீயும் நம்பிட்டியா? பசிக்குதுன்னு வந்தவனுக்கு வாயத் தச்சு அனுப்புற டாக்டரா அது?... சரி, சரி, கத்தாத. சொல்லு... ம்... ம்... முட்டையெல்லாம் ஒண்ணு போல வளரணுமா... அதுக்காக முதல்ல கொஞ்ச நாள் அடக்கி வைக்கணுமா... அப்புறம் அவங்க சொல்ற தேதியில இத நிறுத்திட்டு ஊசி... ஆமா, ஆமா. பள்ளிக்கூடம் பாரு, வரிசையில நில்லுன்னதும் நிக்கிறதுக்கு! படிச்சவங்க சொன்னா எதையும் முழுங்கிடுவீங்க ரெண்டு பேரும்.

குறை அவகிட்ட இல்லையா? பின்ன யார்கிட்ட?... டேய். மெதுவா பேசுடா, நடுரோட்டுல நின்னா சொல்லுவ இத?... அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?... அவ சொல்ல வேண்டாம்னாளா... உனக்கு அசிங்கமா இருக்கும்னு... தன் தலையிலேயே போட்டுக்கிட்டாளா...

ம். சரி. இருந்தாலும் வீட்டுல இருக்கிற பெரியவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு முழுங்கினா, கிரீடம் கீழ விழுந்துடுமாக்கும்?

இப்ப எங்க அவ?... ஆஸ்பத்திரிக்கா போனா? எதுக்கு அழறா?... தேதிக்கு முன்னாடியே தீட்டு வந்துருச்சா. அதனால என்ன?... இந்தத் தடவை ஊசி கிடையாதுன்னு சொல்லிட்டாங்களா... மாத்திரைய நடுவுல விட்டாத்தான் இப்படி ஆகுமா? பார்த்தியா! நான் சொல்லல? பொறுப்புங்கறதே கிடையாது. ஒரு மாத்திரைய ஒழுங்கா முழுங்கத் துப்பில்ல, இவ எங்க புள்ளையப் பெத்து...

...

இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன்... ஒரு நாள்கூட விடலைன்னு சத்தியம் பண்றாளா... ஆமா, அந்த அறை அறையா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா. அதுலதான் பிரிச்சுப் போட்டு வச்சுக்குவா, பார்த்திருக்கேன்... குரல் ஒண்ணும் மாறலடா. தொண்டை கட்டியிருக்கு.

அடுத்த மாசம் பண்ணிக்கலாம்ல?... இதுதான் கடைசியா? யாரு சொன்னா?... அவளேவா... இனிமே உடம்பும் தாங்காது, மனசும் தாங்காதுன்னு... ஆமா, ஆமா... ஏற்கெனவே அத்தன ஊசி...

நீ என்ன சொன்ன அவகிட்ட?... அடப்பாவி. 'உன் கவனக்குறைவாலதான் எல்லாம் போச்சு'ன்னா சொன்ன? ஆஸ்பத்திரி வாசல்ல அழுதுக்கிட்டு நின்னவகிட்டயா?... வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்காளா... நான் கேக்கணுமா? எங்க மறந்தான்னு நான் எதுக்குடா அவளக் கேக்கணும்?

தம்பி... அவளத் திட்டாதடா. அவ மறக்கல... தெரியும். எப்படியோ தெரியும்... சாப்பிட்டு முடிச்சதும் டப்பாவத் தொறப்பா, தண்ணி ஊத்திக்குவா. ஹால்ல உக்காந்து நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாள் தவறல அவ... என்னோட ரத்தச் சத்து மாத்திரை இருக்குல்ல... அதுவும் மஞ்சள்தான்டா. அதே பொடிசு... ஆமா... ஆமாடா, நான்தான். அந்த டப்பாவுல இருந்தத எடுத்துட்டு...

நல்லதுன்னு நெனச்சுத்தான்டா... உன் வம்சம்னு நெனச்சு... திட்டு, நல்லாத் திட்டு... என்னது? அவகிட்ட நானே சொல்லணுமா? டேய், வேண்டாம்டா. நீயே ஒரு வார்த்தை பக்குவமா... நீ அவ புருஷன், நீ சொன்னா... தம்பி?... ஹலோ?... வச்சிடாதடா, கதவுல சாவி போடுற சத்தம் கேக்குது... ஹலோ?...