முன்வரிசைக்குக் கேட்ட சொல்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, லண்டனில் டூட்டிங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள்.

"நாளைக்குத் தமிழ் விழாவிலை எங்கடை பகிடி நாடகத்திலை நான் அந்தத் தூஷணச் சொல்லைச் சொல்லத்தான் போறன், அக்கா."

"சத்தம் போடாதை. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையிலை இருப்பினம். இந்தச் சம்பந்தமும் குழம்பினா?"

"டீவியிலை வெள்ளைக்காரன் சொல்லேக்கை விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள்."

"அது இங்கிலீஷ். காதிலை பட்டாலும் சுடாது."

"ஊரிலை பங்கருக்குள்ளை பதுங்கி இருக்கேக்கை, ஷெல் விழ அப்பா சொன்ன சொல் அது. வாழ்க்கையிலை ஒருக்காத்தான் சொன்னவர். அதுக்குப் பதிலா 'ஐயோ' எண்டு போடவோ?"



"அண்டைக்கு அம்மாவும் சிரிச்சவ," என்றார் அக்கா.

"அதாலைதான் வைச்சனான்."

"உன்ரை விருப்பம். நான் கலியாணமில்லாமல் கிழவியானா நீதான் சோறு போடவேணும்."

மறுநாள் அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். தம்பி அந்தச் சொல்லைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் தாய் எழுந்து வெளியே போனார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து தாயின் பின்னால் போனார்.