தலையில் ஒயர் வைத்தவர்

ஓரிக்கை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். "எங்க வூட்டுக்காரருக்குத் தலையில ஒயரு, நெஞ்சுல பேட்டரிக்கா" என்றாள் இளையவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எதுக்குமா?" என்றாள் பெரியவள்.

"மனசு கோளாறுதான். தறியில உக்காந்தா பாவு இழைய எண்ணிக்கினே இருப்பாரு. ஒண்ணு தப்புனா மறுபடி மொதல்லருந்து. நெய்யவே மாட்டாரு. மாத்திரை கேக்கல. அதான் மூளையில ஆபரேஷன்."

"இப்ப?"

"எண்ணுறதே இல்ல. சிரிச்சிக்கினு நெய்றாரு. போன வாரம் பேட்டரிக்குச் சார்ஜ் போட மறந்துட்டேன்."

"செல்போனாட்டமா?" பெரியவள் சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. பேட்டரி நின்னுபோச்சு. சோத்துல கை வெச்சவரு நிமிந்து, 'எண்ணூத்திப் பதிமூணு'ன்னாரு."

"அப்படின்னா?"

"ஆபரேஷனுக்குக் கூட்டிக்கினு போன அன்னிக்கு எண்ணூத்திப் பன்னெண்டுல நிறுத்துனாரு. ஒரு வருஷம் ஆவுது."

பெரியவள் சிரிப்பு நின்றது. "அப்புறம்?"

"ஓடிப்போயி சார்ஜர எடுத்தேன். என் கையப் புடிச்சிக்கினாரு. 'போடாதடி, இன்னும் கொஞ்சந்தான் இருக்குது'ன்னு அழுதாரு."

"போட்டியா?"



"போட்டேன். எண்ணிக்கினேதான் இருந்தாரு. கொரல் கொறைஞ்சிக்கினே போயி நின்னுச்சு. ஒடனே சிரிச்சி, மோர் ஊத்துன்னாரு."